லொறிப் பாத்தி, கறிப் பாத்தி

தொண்ணூத்தெட்டாம் வருசம் மாரி மழை தொடங்கின அண்டைக்கு நான் ஒரு பெரிய முடிவு எடுத்தன். இந்த முறை என்ட தக்காளியில ஒரு கறுப்புப் புள்ளி விழக் கூடாது. ஒரு இலை கருகக் கூடாது. நுரைச்சோலையிலிருந்து கற்பிட்டி வரைக்கும் எவன்ட தோட்டம் நாசமாப் போனாலும் இந்த மீராசாஹிப்ட தோட்டம் பச்சையா நிக்கணும்.

எங்கட வீட்டில முடிவு எடுக்கிறது எப்பவும் நான்தான். அத முடிச்சு வைக்கிறது என்ட பொஞ்சாதி சாரா உம்மா.

கதைய விளங்கிக் கொள்ள உங்களுக்கு ஒரு ரகசியம் தெரியணும். இந்தக் கரையில மணல்ல தோட்டம் செய்யிற எல்லா வீட்டிலயும் ரெண்டு தோட்டம் இரிக்கு. முன்னால கிடக்கிறது பெரிசு, அது லொறிக்கு. கிணத்தடிக்குப் பின்னால ரெண்டு பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு பாத்தி இரிக்கும். அது கறிக்கு. லொறிப் பாத்திக்கு மருந்து அடிப்பம். கறிப் பாத்திக்கு அடிக்க மாட்டம். ஆரும் இத ஆருக்கும் சொல்லிக் குடுக்கிறதில்ல. ஆரும் இதப் பத்திக் கதைக்கிறதுமில்ல. கேட்டா, "சும்மா வீட்டுக்கு நாலு கண்டு நட்டிரிக்கம்" எண்டு சொல்லிப் போட்டுப் பேச்ச மாத்திருவம்.

லொறிப் பாத்தித் தக்காளி மாப்பிள்ளை வீட்டார் பாக்க வந்த பொம்பளப் புள்ள மாதிரி மினுமினுக்கும். கறிப் பாத்தித் தக்காளி கோணல், மாணல், புழு, புள்ளி. அதத்தான் நாங்க இருபது வருசமா ஆணம் காய்ச்சித் தின்னுறம். மத்தது கொழும்புக்குப் போகும். போற இடத்தில அத ஆரு தின்னுறாங்க எண்டு நான் நினைச்சதே இல்ல. நினைச்சிருந்தா தோட்டம் செஞ்சிருக்க ஏலாது.

சரி, மழை பெய்ஞ்சது. கருகல் நோய் வந்தது. நான் மருந்தடிக்கிற டாங்கிய முதுகில போட்டன். பின்னேரம் அடிச்சன், மறுநாள் விடியப் பறிச்சன். லொறி வாற நாள்தான் என்ட கணக்கு. மருந்துக்கும் பறிப்புக்கும் நடுவில நாள் விடணும் எண்டு டின்னில எழுதியிரிக்காம். எழுதியிருந்தா என்ன, எனக்கு அந்த இங்கிலீசும் தெரியாது, சிங்களமும் தெரியாது. படத்தில மண்டை ஓடு போட்டிரிந்தது. அது பூச்சிக்கு எண்டு நினைச்சன்.

அப்படி ஒரு நாள் லோறன்ஸ்ட லொறியில நானும் ஏறிப் பாலாவி வரைக்கும் போனன். லோறன்ஸ் சிலாபத்து ஆள், எட்டு வருசமா என்ட தக்காளிய ஏத்துறவன். பாலாவிச் சந்தியில ஆமிச் சோதனை. எல்லாப் பெட்டியயும் இறக்கச் சொன்னாங்க. தக்காளிக்குள்ள துவக்கு ஒளிக்க ஏலுமா? அதக் கேக்கிற தைரியம் எனக்கில்ல. ஒரு ஆமிக்காரன், இருபது வயசிரிக்கும், மீச கூட முழுசா வரல்ல, பெட்டியில கைய விட்டு ஒரு பழத்த எடுத்தான். காற்சட்டையில துடைச்சான். கடிச்சான்.

முந்தின நாள் பின்னேரம் மருந்து குளிச்ச பழம் அது.

துப்புடா எண்டு சொல்ல வாய் வந்தது. ஆனா துவக்கு வைச்சிரிக்கிறவனுக்கு, நீ தின்னுறதில நஞ்சு இரிக்கு எண்டு எந்தப் பாசையில சொல்லுறது? சொன்னா என்ன நடக்கும்? நான் பல்லக் காட்டிக் கொண்டு நிண்டன்.

"ரசாய், முதலாளி" எண்டு, நல்ல ருசி எண்ட மாதிரித் தலையாட்டி, அவன் இன்னும் ரெண்டு எடுத்துச் சட்டைப் பையில போட்டான்.

வீட்டுக்கு வந்து இத நான் சாராக்குப் பகிடியாச் சொன்னன். அவ சிரிக்கல்ல.

"எப்ப மருந்து அடிச்ச?" எண்டு கேட்டா.

"முந்தின நாள்."

"அவன் தின்னுறத நீங்க பாத்துக் கொண்டு நிண்டீங்க?"

"வேற என்ன செய்ய? அவன்ட கையில துவக்கு."

"அவன்ட உம்மா கடையில வாங்கிற தக்காளிக்கு முன்னாலயும் துவக்கா இரிக்கு?"

அவ்வளவுதான். எழும்பிக் குசினிக்குப் போயிட்டா. சாரா சண்ட பிடிச்சா எனக்குப் பயமில்ல, நானும் ரெண்டு வார்த்த பேசலாம். அவ பேசாம இருந்தாத்தான் எனக்குப் பயம். அந்தக் கிழமை முழுக்க அவ பேசவேயில்ல.

மறு கிழமை கொழும்புக்குப் போய் எங்கட மகள் கமறியாவக் கூட்டிக் கொண்டு வந்தா. கமறியாவுக்குக் கலியாணம் முடிச்சு ஏழு வருசம். இப்பதான் முதல் புள்ள, ஏழாம் மாசம் நடக்குது. முதல் பேறு தாய் வீட்டிலதான், அது எங்கட வழக்கம். கொழும்பில குண்டு வெடிக்கிற காலம், அதுவும் ஒரு காரணம். எனக்குச் சந்தோசத்தில கால் நிலத்தில படல்ல. பள்ளிக்குப் போற வழியில காணுறவனுக்கெல்லாம் சொன்னன்.

வந்த அண்டு பின்னேரமே சாரா அந்த மருந்து டின்னத் தூக்கி மகள்ட கையில குடுத்தா. கமறியா படிச்ச புள்ள.

"வாப்பா, அடிச்சுப் பதினாலு நாளைக்குப் பறிக்கக் கூடாதெண்டு போட்டிரிக்கு" எண்டா. "டாங்கி கழுவின தண்ணிய கிணத்தடியில ஊத்தக் கூடாதாம். மண்ணில கிடக்குமாம்."

நான் கிணத்தடியப் பாத்தன். இருபது வருசமா டாங்கி கழுவுறது அந்த இடத்திலதான். எங்கட மணல்ல ஒரு வாளி தண்ணி ஊத்தினா கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள காணாமப் போயிரும். எங்க போகும்? கிணத்துக்குத்தான் போகும். அந்தக் கிணத்துத் தண்ணியிலதான் அண்டைக்கும் தேத்தண்ணி ஊத்திக் குடிச்சிரிந்தன். பயந்துதான் போனன். ஆனா ஆம்பிளை, காட்டிக் கொள்ள ஏலாதே.

"அதெல்லாம் லொறிப் பாத்திக்கு மகள்" எண்டன். "உனக்குக் கறிப் பாத்தி இரிக்கு. அதில ஒரு சொட்டு மருந்து படல்ல."

"ஓம்" எண்டா சாரா. அந்த ஓமில எனக்கு ஒரு சந்தேகம் வந்திரிக்கணும். வரல்ல.

மறுநாள் விடியப் பள்ளியில சுபஹு தொழுது போட்டு வந்து பாக்கிறன், கறிப் பாத்தியக் காணல்ல. கொத்தி, பிடுங்கி, மட்டமாக்கி, நடுவில ரெண்டு கம்பு நட்டுக் கயிறு கட்டியிரிக்கு.

"சாரா, இது என்ன?"

"கொடி. உடுப்புக் காயப் போட."

"என்ன உடுப்பு?"

"புள்ள பொறந்தா எத்தின துணி தோய்க்கணும் தெரியுமா உங்களுக்கு? எங்க காயப் போடுற, உங்கட தலையிலயா?"

"அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் இரிக்கே. அது வரைக்கும் மகள் என்னத்தத் தின்னுற?"

"தோட்டத்தில இரிக்கிறதத்தான்."

"அது லொறிப் பாத்தி."

"லொறி தின்னுறதில்லயே, மனிசர்தானே தின்னுற?"

"மருந்து அடிச்சிரிக்கு, சாரா."

"அப்ப எண்டைக்குப் பிடுங்கலாம்?"

"பதினாலு நாள் போகட்டும்."

"சரி. நீங்க லொறிக்கு எண்டைக்குப் பறிக்கிறீங்களோ, அண்டைக்கு அந்தப் பெட்டியிலிருந்தே நான் மகளுக்கு எடுப்பன். உங்களுக்கு வேற வேல வைக்க மாட்டன்."

நான் விரல் விட்டு எண்ணிப் பாத்தன். லோறன்ஸ் வாறது வெள்ளிக்கிழமை, இன்னும் மூணு நாள். வெள்ளிக்கிழமை லொறிக்குப் பறிச்சா, வெள்ளிக்கிழமை என்ட பேரப்புள்ளைக்கும் பறிச்ச மாதிரி. கட்டின கயிறு துணிக்கில்ல, எனக்கு எண்டு அப்பதான் விளங்கிச்சு.

லோறன்ஸுக்கு ரெண்டு கிழமைக்கு வராத எண்டு சொல்லி அனுப்பினன். பழம் பழுத்தது. பழுத்து விழுந்தது. விழுந்து அழுகினது. தோட்டத்துக்குள்ள நடக்க ஏலாது, காலுக்குள்ள சளக் சளக் எண்டு மிதிபடும். ஒவ்வொரு மிதிக்கும் எனக்கு அழுகை வரும். சாரா கமறியாட துணிகளத் தோய்ச்சு அந்தக் கொடியில ஒண்டொண்டாப் போட்டுக் கொண்டிருந்தா.

நானும் லேசுப்பட்ட ஆளில்ல. அடுத்த வீட்டுப் பதுர்தீன்ட கறிப் பாத்தியில மகளுக்குக் கொஞ்சம் வாங்கிக் குடுத்திட்டா, என்ட தோட்டத்துக்கு நான் விரும்பின மாதிரி அடிக்கலாம். கூடையும் கையுமாப் போனன். பதுர்தீன் முற்றத்தில தலையில கை வைச்சுக் கொண்டு இருந்தான்.

"நானா, கறிப் பாத்தி போயிட்டு" எண்டான். அண்ணன் முறையில என்ன நானா எண்டுதான் எல்லாரும் கூப்பிடுற.

"என்னது?"

"ஜெய்னம்பு கொத்திப் போட்டா. கேட்டா, எனக்கும் கொடி கட்டணுமாம். எங்கட வீட்டில ஆருக்கு நானா புள்ள பொறக்கப் போகுது? அவளுக்கு அம்பத்திரண்டு வயசு."

நாங்க ரெண்டு பேரும் வேலியால எட்டிப் பாத்தம். அந்தப் பக்கத்து வீட்டிலயும் கொடி. அதுக்கு அங்கால வீட்டிலயும் கொடி. எங்கட ஒழுங்கையில ஒம்பது வீடு, ஒம்பது வீட்டுக் கிணத்தடியிலயும் புதுக் கயிறு. மாசமான புள்ளையப் பாக்க வாறம் எண்டு வியாழக்கிழமை பொம்பளையள் எல்லாம் எங்கட வீட்டுக்கு வந்து பாயில இருந்து வெத்திலை போட்டதுக்கு அர்த்தம் அப்பதான் விளங்கிச்சு. நான்தான் கடைக்குப் போய் வெத்திலையும் வாங்கிக் குடுத்தன்.

"இப்ப என்ன செய்ற, நானா?" எண்டு கேட்டான் பதுர்தீன்.

"அடிக்க ஏலாது. அடிச்சா நாமதான் தின்னணும்."

"அடிக்காட்டி?"

"அடிக்காட்டி எதுவும் மிஞ்சாது."

ரெண்டு பேரும் குந்தி மண்ணக் கிண்டிக் கொண்டிருந்தம். பிறகு அவன் மெதுவாக் கேட்டான். "நானா, நாம இவ்வளவு காலமும் அனுப்பினத ஆரு திண்டிரிப்பாங்க?" நான் வெறும் கூடையத் தூக்கினன். எழும்பி வந்திட்டன்.

பதினோராம் நாள் திரும்பவும் மழை. கிழக்கு மூலையில இலையெல்லாம் சுட்ட மாதிரிக் கருகத் தொடங்கிச்சு. அண்டைக்கு ஊருக்குள்ள ஆரோ செத்து, சாரா அந்த மையித்து வீட்டுக்குப் போயிட்டா. எனக்குள்ள சைத்தான் புகுந்தான். அந்த மூலைக்கு மட்டும், நாலே நாலு வரிசைக்கு, ஓடி ஓடி மருந்தடிச்சன். டாங்கியக் கடற்கரைப் பக்கம் கொண்டு போய்க் கழுவினன். சட்டைய மாத்தினன். சவுக்காரம் போட்டு ரெண்டு தரம் குளிச்சன். திட்டம் இதுதான்: கிழக்கு மூலை லொறிக்கு, மேற்குப் பக்கம் மகளுக்கு. மேற்குப் பெட்டிக்கு மேல ஒரு பலா இலை வைச்சு அடையாளம் பண்ணிருவன். சாரா எடுக்கக்குள்ள நானே எடுத்துக் குடுப்பன்.

பதினாலாம் நாள் லோறன்ஸ் வந்தான். பெட்டிகள அடுக்கினம். நான் லோறன்ஸோட ரெண்டு கதை கதைச்சுப் போட்டுத் திரும்புறன், சாரா ஒரு பீங்கான் நிறையத் தக்காளி எடுத்துக் கழுவாமக் கூட உள்ள கொண்டு போறா.

"எந்தப் பெட்டியில எடுத்த?"

"அந்தா, அதில. நல்ல மினுமினுப்பா இரிந்திச்சு."

கிழக்கு மூலை.

ஓடினன். மாசமான மகள்ட அறைக்குள்ள வாப்பா சும்மா நுழையிறதில்ல, திரைச்சீலைக்கு இங்கால நிண்டுதான் நான் சுகம் கேக்கிறது. அண்டைக்குத் திரைச்சீலை எங்க போச்செண்டு தெரியாது. கமறியாட கட்டிலுக்குப் பக்கத்தில வைச்ச பீங்கானப் பறிச்சு எடுத்தன்.

"என்ன வாப்பா?" எண்டு மகள் பயந்து போனா.

"எனக்குப் பசிக்குது" எண்டன். வேற ஒண்டும் வாயில வரல்ல.

சாரா கதவடியில கையக் கட்டிக் கொண்டு நிண்டா. "பசியெண்டா தின்னுங்க. நல்ல பழம்தானே?"

"ஓம். நல்ல பழம்."

"மருந்து கிருந்து அடிக்கல்லயே?"

"சே. நான் அடிப்பனா?"

"அப்ப என்ன பாத்துக் கொண்டு இரிக்கிறீங்க?"

திண்டன். ஒவ்வொண்டாத் திண்டன். ஒம்பது தக்காளி. சாரா எண்ணிக் கொண்டு நிண்டா. ஏழாவதில கண் கலங்கிச்சு. அவ ஒரு கோப்பை தண்ணி கொண்டு வந்து தந்தா. அது எந்தக் கிணத்துத் தண்ணி எண்டு நினைச்சன், அதயும் குடிச்சன்.

பிறகு லொறியடிக்குப் போய், கிழக்கு மூலைப் பெட்டி ஆறையும் நானே இறக்கினன். லோறன்ஸ் ஏன் எண்டு கேக்கல்ல. பனையடியில குழி வெட்டி ஆறு பெட்டியையும் கொட்டி மூடினன். அண்டு முழுக்கக் கிணத்தடியில குந்திக் கொண்டு என்ட உடம்பில எது நோகுது, எது நோகல்ல எண்டு பாத்துக் கொண்டிருந்தன். ஒண்டும் நடக்கல்ல. ஒண்டும் நடக்காததுதான் எனக்குப் பெரிய பயம். உடன நடக்கிறதெண்டா இருபது வருசத்துக்கு முன்னமே எவனாவது வந்து என்ட கழுத்தப் பிடிச்சிரிப்பான்.

அதோட டாங்கியத் தூக்கிப் பரணில போட்டன். தோக்கிறது எனக்குப் பழகின விசயம், ஆனா இப்படி வயிறு நிறையத் தோத்ததில்ல.

மருந்தில்லாத தோட்டம் எண்டா என்னெண்டு அதுக்குப் பிறகுதான் தெரிஞ்சது. விடிய எழும்பிக் கருகின இலைகள ஒண்டொண்டாக் கிள்ளணும். கிள்ளினதக் கூடையில போட்டுக் கொண்டு போய் எரிக்கணும். கண்டுகளுக்குக் கம்பு நட்டு நிமித்திக் கட்டணும், காத்துப் போகணுமாம். சாராவும் பக்கத்தில நிண்டு கிள்ளினா. மூணில ஒரு பங்கு தோட்டம் போச்சு. அந்தக் கருகின வரிசைகளப் பாக்க ஏலாம நான் அந்தப் பக்கம் போறதயே விட்டன். மிஞ்சினது சின்னச் சின்னதாக் காய்ச்சுது. கோணல், மாணல், புள்ளி. என்ட லொறிப் பாத்தி முழுக்கக் கறிப் பாத்தியாப் போச்சு.

ஒவ்வொரு பறிப்புக்கும் சாரா ஒரு பீங்கான் நிறைச்சு மகள்ட அறைக்குள்ள கொண்டு போவா. வெறும் பீங்கான் வெளியில வரும். அந்த வெறும் பீங்கானப் பாக்கக்குள்ள மட்டும் எனக்கு ஒரு ஆறுதல். தோட்டம் போனாப் போகட்டும், என்ட பேரப்புள்ள நல்லதத் தின்னுது எண்டு மனசச் சமாதானப்படுத்திக் கொள்ளுவன். அந்த ஒரு நினைப்பில்லாட்டி நான் டாங்கியத் திரும்ப இறக்கியிரிப்பன், பொய் சொல்ல மாட்டன்.

ஒரு நாள் பெட்டி ஏத்தி முடிச்ச பிறகு லோறன்ஸ் தலையச் சொறிஞ்சு கொண்டு நிண்டான்.

"நானா, ஒரு பையில கொஞ்சம் தாங்களேன், வீட்டுக்கு."

நான் அவனப் பாத்தன். எட்டு வருசம். எத்தின தரம் நான் பை நிறையக் குடுக்கப் பாத்திரிக்கன், வேணாம் நானா, எங்கட வீட்டில தக்காளி தின்னுறதில்ல எண்டுதான் சொல்லுவான்.

"உங்கட வீட்டில தின்னுறதில்லயே?"

அவன் சிரிச்சான். நான் பைய நிறைச்சுக் குடுத்தன். அவனுக்கும் தெரிஞ்சிரிக்கு. எல்லாருக்கும் தெரிஞ்சிரிக்கு.

நோன்பு பிறந்து ஆறாம் நாள் புத்தளம் ஆசுபத்திரியில கமறியாவுக்குப் புள்ள பொறந்தது. பொம்பளப் புள்ள. கை ரெண்டு, கால் ரெண்டு, விரல் இருபது. நான் ரெண்டு தரம் எண்ணினன். அல்ஹம்துலில்லாஹ் எண்டு சொல்லி அந்த ஆசுபத்திரி வராந்தாவில வாய் விட்டு அழுதன். சாரா என்ட முதுகத் தட்டினா.

வீட்டுக்கு வந்த மறுநாள் நான் விடியவே தோட்டத்துக்குப் போய், மிஞ்சின கண்டுகள்ல ஆக நல்ல பழமாப் பாத்துப் பிடுங்கினன். கழுவினன். பீங்கான்ல அடுக்கினன். பெத்தவளுக்கு என்ட கையாலயே குடுக்கணும் எண்டு ஆசை. திரைச்சீலைய விலக்கி உள்ள போனன்.

"இந்தா மகள், எடு. இதுக்காகத்தான் வாப்பா அந்தத் தோட்டத்தயே விட்டன்."

கமறியா முந்தானையால மூக்கப் பொத்திக் கொண்டா.

"அல்லாஹ்வே, அத அங்கால கொண்டு போங்க வாப்பா. மாசமான நாளிலிருந்து எனக்குத் தக்காளிட மணமே ஏலாது. ஒண்டு கூட வாயில வைக்கல்ல. உம்மாக்குத் தெரியுமே."

நான் பீங்கானோட கிணத்தடிக்கு வந்தன். சாரா கொடியில புள்ளத் துணி காயப் போட்டுக் கொண்டிருந்தா.

"சாரா, ரெண்டு மாசம் பீங்கான் பீங்கானா உள்ள போச்சே, அதெல்லாம் ஆரு திண்ட?"

அவ திரும்பியும் பாக்கல்ல. ஒரு துணிய உதறிப் போட்டா.

"கோழி" எண்டா. "ஒரு நாள் மட்டும் நீங்க."